ஜேர்மன்காரரின் கடைசிப் பத்தி

சனிக்கிழமை காலையில் நான் கடைக் கதவைத் தள்ளியதும் முதலாளி அண்ணை கேட்பது ஒரே கேள்விதான்.

“தம்பி, உம்மட ஜேர்மன்காரன் செத்திட்டானோ?”

“இல்லை அண்ணை. இப்பத்தான் அமெரிக்காவுக்குப் போயிருக்கிறார்.”

“விசா எடுத்தோ?”

“விசா எங்க. நாட்டை விட்டுப் போறன் எண்டு ஒப்புக்கொண்டால் மறியலால விடுறம் எண்டவை. போயிட்டார்.”

“அப்ப டிப்போட் எண்டு சொல்லுமன். அதுக்கேன் சுத்தி வளைக்கிறீர்?”

பாரிஸின் லா சப்பலில், ரூ பெர்தொனே தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த அச்சுக் கடை. கல்யாண அழைப்பிதழ், பெண் பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீட்டுப் பதாகை, பிறந்தநாளுக்குப் பிள்ளையின் படத்தை ஆளுயரத்துக்கு வெட்டி நிறுத்தும் அட்டை எல்லாம் செய்வோம். ஆனால் கடையைத் தாங்கிக்கொண்டிருந்தது சாவுதான். மரண அறிவித்தலும், முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டும். கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதில்லை. இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, இரங்கற்பா, நன்றி நவிலல் என்று இருபது இருபத்துநாலு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம். அன்றைய அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியபின் அதை எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் ஆட்களில் பலரைப் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் எழுதப்படுகிறது. அதையும் அவர்கள் பார்ப்பதில்லை.

அந்த வாழ்க்கை வரலாற்றை எழுதுவது என் வேலை. வீட்டுக்காரர் ஒரு தாளில் குறிப்புகள் தருவார்கள். சிலர் தொலைபேசியிலேயே அழுதுகொண்டு சொல்வார்கள். நான் அதைக் கோத்து எழுத வேண்டும். எங்கே பிறந்தார், யாருக்கு எத்தனையாவது பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடம், என்ன உத்தியோகம், யாரை மணந்தார், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். பிறகு, பழகுவதற்கு இனியவர், வந்தாரை உபசரிப்பவர், கோயிற் காரியங்களில் முன்னுக்கு நின்றவர். கடைசியில் இறைவனடி சேர்ந்தார். இதற்குள் வரக்கூடாதவையும் இருக்கின்றன. அவற்றை யாரும் எழுதித் தருவதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மறியலில், அதாவது சிறையில், இருந்தது வராது. அண்ணன் தம்பி பேசாமல் இருந்தது வராது. கடை நட்டப்பட்டு மூடியது வராது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது வரவே வராது. ஆரம்பத்தில் ஒருமுறை, ஒருவருடைய வழக்கு எந்த வருடம் ஏற்கப்பட்டது என்று அவருடைய மகனிடம் கேட்டுவிட்டேன். அண்ணை போனைப் பறித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“செத்த வீட்டில கேஸ் நம்பர் கேக்கிறதில்லை, தம்பி.”

சனியும் ஞாயிறும் இது. கிழமை நாட்களில் நான் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். முதுகலை இரண்டாம் வருடம். மெம்வார் என்று இங்கே சொல்லும் ஆய்வேட்டை ஒப்படைத்தால்தான் பட்டம். பேராசிரியை கொடுத்த பட்டியலில் பதினைந்து தலைப்புகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மன் பொருளியலாளர் ஒருவருடைய வாழ்க்கையை நான் எடுத்துக்கொண்டேன். அரசியல்வாதியாகவும் இருந்தவர். எடுத்ததற்கு இரண்டு காரணங்கள். அவர் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் முடிக்காதவர், எழுதுவினைஞராகத் தொடங்கிப் பேராசிரியரானவர். இரண்டாவது, நாட்டை விட்டு ஓடி வந்து பாரிஸிலும் கொஞ்சக் காலம் இருந்தவர். அவருடைய பெயரை நான் கடையில் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் ஜேர்மன்காரர்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு கூலி வேலைக்குப் போனவர். அம்மா கையெழுத்து மட்டும் வைப்பார். யுத்தம் முடிந்த 2009 ஆம் ஆண்டு, பதினாலு வயதில், அம்மாவோடு நான் பாரிஸுக்கு வந்து இறங்கியபோது அப்பா இங்கே எட்டு வருடமாக இருந்தார். எனக்குப் பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது. மூன்றாவது வருடம் அப்பாவுக்கு வருகிற கடிதங்களை எல்லாம் நான்தான் வாசித்தேன்.

பதினெட்டு வயதிலிருந்து அப்பாவோடு நானும் காலையில் துப்புரவு வேலைக்குப் போனேன். மெனாஜ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஐந்தரைக்கு ஓர் அலுவலகக் கட்டடத்துக்குள் நுழைந்து, எட்டரைக்குக் கோட்டும் சூட்டும் வருமுன் வெளியே வந்துவிட வேண்டும். நான் மேசைகளும் குப்பைக்கூடைகளும். அப்பா தரை. அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு, முழங்கால் தேய்வு. பத்து மணிக்கு மறுபடி ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போவார். மருத்துவர் இரண்டில் ஒன்றை விடச் சொல்லி இரண்டு வருடம். அப்பா ஒரே பதில்தான் சொல்வார்.

“நீ படிப்பை முடி. அண்டைக்குக் காலமை வேலையை நிப்பாட்டுறன்.”

நான் ஒரு வருடத்தை ஏற்கெனவே தவறவிட்டவன். ஆய்வேட்டைக் கொடுக்க முடியாமல் மறுபடி பதிந்தேன். மூன்றாவது தடவை பதிய விடமாட்டார்கள் என்று அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதை அப்பாவுக்குச் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு மாதமும் நாட்காட்டியைப் பார்த்து, “இன்னும் எத்தினை மாசம்?” என்று கேட்பார். நான் ஒரு எண்ணைச் சொல்வேன்.

வேலைக்குப் போகும் வழியில் அப்பா ஜேர்மன்காரரைப் பற்றி விசாரிப்பார். எனக்கு அது பிடிக்கும். காலை ரயிலில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். மற்றப் பாதிப்பேர் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். அப்பா மட்டும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்பார்.

“தேப்பன் என்ன தொழில்?”

“தோல் பதனிடுறவர்.”

அப்பா சுற்றிப் பார்த்தார், யாராவது தமிழ் ஆட்கள் இருக்கிறார்களா என்று. பிறகு, “உதையும் எழுதினியோ?” என்றார்.

“தோல் வணிகர் எண்டு எழுதியிருக்கிறன்.”

“அது நல்லம்.”

இன்னொரு நாள் மறியல் கதைக்கு வந்தோம். ஜேர்மன்காரர் தன் ஊர்ச் சட்டசபைக்குத் தெரிவானவர். அதிகாரிகளுடைய ஊழலையும் வரிகளையும் பற்றி ஒரு மனு எழுதினார். அதற்காகச் சபையிலிருந்து நீக்கி, பத்து மாதம் தண்டனை விதித்தார்கள். அவர் எல்லையைத் தாண்டி ஸ்திராஸ்பூர்க்குக்கு ஓடினார். பிறகு பாரிஸ், லண்டன், சுவிஸ் என்று அலைந்தார். இவ்வளவும் சொன்னபோது அப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்த பாதைதான்.

“பிறகு?”

“பிறகு, மன்னிப்புக் கிடைக்கும் எண்டு நம்பித் திரும்பிப் போனவர். போன உடனை பிடிச்சுக் கோட்டைக்குள்ள போட்டிட்டாங்கள்.”

அப்பா சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

“திரும்பிப் போனவனோ? விசரன்! ஆர் போகச் சொன்னது? ஒரு லோயரைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாமே.”

நூற்றுத்தொண்ணூறு வருடத்துக்கு மேல் பழைய பிழை. அதற்கு என் அப்பா அன்று முழுக்க எரிச்சலோடு தரை துடைத்தார். வாளியைத் தள்ளும் சத்தத்திலேயே தெரிந்தது.

மாசி மாதம் முழு வரைவையும் பேராசிரியைக்கு அனுப்பினேன். இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டார். அவருடைய அறை நாலாம் மாடியில்; அன்று மின்தூக்கி வேலை செய்யவில்லை. காலை வேலையிலிருந்து நேரே போயிருந்தேன். கையில் குளோர் மணம் இன்னும் இருந்தது.

அவர் கண்டிப்பானவர், ஆனால் அன்று கோபமாக இருக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: இந்த மனிதர் யாரோடும் சண்டை பிடிக்கவில்லையா? உன் ஆய்வேட்டில் எல்லோரும் அவரை மதிக்கிறார்கள். ரயில்பாதைக்காக அத்தனை பாடுபட்டார், பாதை போட்டதும் அவரைக் கைவிட்டார்கள். நீ அதை ‘ரயில்பாதை அமைப்பில் அரும்பணியாற்றினார்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய். பாரிஸில் இருந்தபோது பரிசுப் போட்டிக்கு எழுதிப் பரிசு கிடைக்காமற் போனது எங்கே? அவருடைய மகள்மாரைப் பற்றி ஏன் ஒரு பக்கம்? தகப்பன் எப்போது வணிகரானார்?

பிறகு கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். அதில் நான் எழுதியிருந்தது: ‘ஒரு குளிர்காலப் பயணத்தின்போது திடீரெனக் காலமானார்.’

“எப்படிக் காலமானார்?” என்றார்.

நான் மேசையில் கிடந்த தாளைப் பார்த்தேன்.

“உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“நீ பட்டியலிட்ட ஒவ்வொரு புத்தகத்திலும் இருக்கிறது. தெரியாமல் இருக்க முடியாது. பிறகு ஏன் எழுதவில்லை?”

காரணம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பொய் எழுத வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கை தன்பாட்டில் எழுதியிருந்தது. அங்கே கிடந்த எண்பத்தேழு பக்கமும் மேற்கோளும் அடிக்குறிப்பும் வைத்த ஒரு கல்வெட்டு. பிறப்பு, பெற்றோர், கல்வி, உத்தியோகம், மணம், மக்கள், நற்குணங்கள், மறைவு. வரிசைகூட மாறவில்லை. ஐந்து வருடமாகச் சனி ஞாயிறு எழுதிய பழக்கம் ஒரு ஜேர்மன்காரரையும் அப்படியே குளிப்பாட்டி, விபூதி பூசி, மாலை போட்டுக் கிடத்திவிட்டது.

இதைப் பேராசிரியைக்கு எந்தச் சொல்லில் விளங்கப்படுத்துவது? “மன்னிக்கவும்” என்று மட்டும் சொன்னேன். ஒரு மாதம் தந்தார். அதற்குள் திருத்தினால் வைகாசியில் வாய்மொழித் தேர்வு. இல்லையென்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். படியால் இறங்கும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டேன். களைப்புத்தான். ஒரு மாணவி என்னைத் தாண்டிப் போகும்போது மன்னிப்புக் கேட்டாள்.

அந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் எழுதிய முதற் கல்வெட்டு என் சித்தப்பாவுடையது. அப்பாவின் ஒரே தம்பி. பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தார். விமான நிலையப் பக்கம் ஒரு பண்டகசாலையில், வேறொருவருடைய வதிவிடக் காகிதத்தைக் காட்டி வேலை. அவருடைய அகதி விண்ணப்பத்தை இரண்டு தரம் நிராகரித்தார்கள். இரண்டாவது கடிதத்தை வாசித்துச் சொன்னவன் நான். எனக்கு அப்போது இருபது வயது. பிரெஞ்சில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்; அவர், “சரி மகன், சாப்பிட்டிட்டுப் போ” என்றார். மூன்று மாதம் கழித்துத் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

ஊருக்கு அப்பா போன் எடுத்து, நெஞ்சு வலி என்றார். கூசேன்வில் அறைக்காரர்களுக்கும் அதையே சொல்லச் சொன்னார். கல்வெட்டு அடிக்க அண்ணையிடம் போனபோது எழுத ஆள் இல்லை என்றார், நான் எழுதினேன். ‘திடீர் சுகவீனம் காரணமாக’ என்று எழுதினேன். அண்ணை வாசித்துவிட்டு, “நல்லா எழுதுறீர். சனிக்கிழமையில வாருமன்” என்றார். அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

பங்குனி முழுக்கத் திருத்தினேன். தோல் பதனிடுபவர் தோல் பதனிடுபவரானார். சட்டசபையிலிருந்து நீக்கியது, தப்பி ஓடியது, கோட்டை, அமெரிக்கா, அங்கே பண்ணை வைத்துச் சரிவராமற் போனது, பத்திரிகை நடத்தியது, நிலக்கரி, ரயில், அமெரிக்கப் பிரஜையாகி அந்த நாட்டின் தூதராகவே ஐரோப்பாவுக்குத் திரும்பியது எல்லாம் தத்தம் நிறத்தோடு வந்தன. பணக்கார நாடுகள் மதில் கட்டி வளர்ந்துவிட்டு, பிறகு வருகிற ஏழை நாடுகளுக்கு மதில் கூடாது என்று புத்தி சொல்கின்றன என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். அதை எழுதும்போது எவ்வளவு கோபக்காரராக இருந்தார், எத்தனை பேரை அதனால் பகைத்தார் என்பதையும் சேர்த்தேன். அவருடைய ஒரே மகன் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து அல்ஜீரியாவில் இறந்ததை எழுதினேன். கடனும் நோயும் உறக்கமின்மையும் வந்தன.

கடைசிப் பத்தி மட்டும் வரவில்லை. நூலகத்தில் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து ஒரு சொல் எழுதினேன். ‘திடீரென’. அழித்தேன். கையை நம்ப முடியவில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனேன்.

“என்ன, செத்திட்டானோ?”

“இண்டைக்குச் சாகோணும் அண்ணை. எழுத வருகுதில்லை.”

“ஏன், உமக்கு எழுத வராத சாவும் இருக்கோ?” என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அச்சியந்திரத்தை நிறுத்தினார். “என்ன, எப்பிடிச் செத்தவன்?”

சொன்னேன்.

அண்ணை அடித்து வைத்திருந்த தாள்களைத் தட்டி அடுக்கினார். அவருக்கு என் சித்தப்பாவின் கதை தெரியும். தெரியும் என்று ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

“எழுதாதையும்,” என்றார்.

“எழுதாட்டி ஃபெயில் அண்ணை.”

“நான் உமக்கு ஒண்டு சொல்லட்டோ? இஞ்ச அடிக்கிற புத்தகம் செத்தவனுக்கில்லை. அவனுக்கென்ன, போயிட்டான். மகளுக்குச் சம்பந்தம் பேச வாறவை முதல்ல கேக்கிறது தேப்பன் என்னண்டு செத்தவர் எண்டுதான். அப்ப அந்தப் பெட்டை என்ன செய்வாள்? அலுமாரியால இதை எடுத்துக் குடுப்பாள். அதுக்குத்தான் அடிக்கிறம். அவன்ர பெட்டையளுக்கும் கல்யாணம் ஆகியிருக்கோணும் எல்லே?”

“ஆகியிருக்கும். அவையும் செத்து நூறு வருசம் அண்ணை.”

“அது சரி.” தலையைச் சொறிந்தார். “அப்ப எழுதும். ஆனா என்ர மெஷினில அடிக்காதையும்.”

அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. அவரை நான் பிழை சொல்லவும் மாட்டேன். ஜேர்மன்காரருடைய காலத்திலும் சிலர் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பிறகு வாசித்தேன். உடலைச் சோதித்தவர்கள், மனச்சோர்வு முற்றித் தன் வசத்தில் இல்லாமற் செய்தார் என்று எழுதிக் கொடுத்தபடியால்தான் அவரைத் தேவாலய முறைப்படி அடக்கம் செய்ய முடிந்ததாம். அங்கேயும் ஓர் அண்ணை இருந்திருக்கிறார்.

ஒப்படைக்க ஐந்து நாள் இருந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில் நான் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுவரோடு நின்றார். அப்படி நிற்பது அந்த மாதங்களில் அடிக்கடி நடந்தது.

“முடிஞ்சுதோ?” என்றார்.

“ஒரு பத்தி இருக்கு அப்பா.”

“ஒரு பத்தியோ? உதுக்கோ இவ்வளவு நாள்? என்னத்தைப் பற்றி?”

“அவர் செத்ததைப் பற்றி.”

“வருத்தமோ?”

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. அதை நான் பயன்படுத்தவில்லை. துணிவு என்று சொல்லமாட்டேன். காலை ஏழு மணிக்கு, ஐந்து நாள் மட்டும் இருக்கும்போது, பொய்யை யோசித்துக் கட்ட எனக்குச் சக்தி இருக்கவில்லை.

“இல்லையப்பா. தானாத்தான்.”

அப்பா துடைப்பத்தை எடுத்தார். ஜன்னல் ஓரத்திலிருந்து மின்தூக்கிவரைக்கும் துடைத்துக்கொண்டு போனார். திரும்பித் துடைத்துக்கொண்டு வந்தார். நான் மூன்று மேசைகளை முடித்தேன்.

“பெண்சாதி இருந்தவவோ?”

“ஓம். வீட்டில.”

“இவர்?”

“தூர இடத்தில. மலைப்பக்கம் ஒரு ஊரில, தனிய. உடம்பு தேற எண்டு வெளிக்கிட்டுப் போனவர்.”

“அப்ப பெண்சாதிக்கு ஆர் சொன்னது?”

எத்தனையோ புத்தகம் வாசித்திருந்தேன். சுங்க வரி எந்த ஆண்டில் எவ்வளவு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

“தெரியாதப்பா. ஒரு சிநேகிதருக்குக் கடிதம் எழுதி வச்சவர், குடும்பத்தைப் பாக்கச் சொல்லி. பத்திரிகைக்காரர். அவர் சொல்லியிருக்கலாம்.”

“என்னெண்டு சொல்லியிருப்பார்?”

“தெரியாது.”

அப்பா வாளிக்குள் துடைப்பத்தைப் பிழிந்தார். தண்ணீர் கறுப்பாக இறங்கியது. குனிந்தபடியே பேசினார்.

“நான் அண்டைக்குப் போனைக் கையில வச்சுக்கொண்டு கார்து நோர் ஸ்டேசனில ரெண்டு மணித்தியாலம் நிண்டனான். எந்த ரயில் வந்தது, எது போனது எண்டு தெரியாது. நெஞ்சு வலி எண்டு அங்க நிண்டுதான் யோசிச்சது. முதல்ல பஸ் அடிச்சது எண்டு சொல்லத்தான் நினைச்சனான். பஸ்ஸெண்டா பொலிஸ், காசு எண்டு கேப்பினம்.”

சித்தப்பா இறந்து ஐந்து வருடத்தில் அவரைப் பற்றி அப்பா என்னோடு பேசிய முதற் பேச்சு அது. எனக்குப் பக்கத்தில் போக வேண்டும் போல் இருந்தது. தரை ஈரமாக இருந்தது. மிதித்தால் மறுபடி துடைக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றேன்.

“எழுது,” என்றார் அப்பா. “அந்தாளுக்கு நடந்ததை எழுது. ஆனா ஆர் சொன்னது எண்டதையும் பாத்து எழுது. சொன்னவனையும் எழுதோணும்.”

செவ்வாயும் புதனும் தேடினேன். மனைவிக்கு யார், எந்தச் சொல்லில் சொன்னார் என்று நான் பார்த்த எதிலும் கிடைக்கவில்லை. நண்பர்கள் குடும்பத்துக்காக நிதி சேர்த்தது இருந்தது. கடிதம் இருந்தது. அவளுடைய வீட்டு வாசலில் யார் வந்து நின்றார் என்பது இல்லை. வியாழக்கிழமை எழுதினேன். அவர் குளிர்காலத்தில் மலையூர் ஒன்றில் தன் உயிரை முடித்துக்கொண்டார். உடல் நோயும் பணக்கவலையும் தன் வேலை வீணானது என்ற எண்ணமும் அதற்கு முன் பல மாதமாக இருந்தன. மருத்துவ அறிக்கை அடக்கத்துக்கு உதவும் வகையில் எழுதப்பட்டது. அவருடைய மனைவிக்குச் செய்தியைச் சொன்னவர் யார் என்பதை என்னால் அறிய முடியவில்லை. நாலு வாக்கியம். பிரெஞ்சில் அவை இன்னும் சின்னவையாக இருந்தன.

எழுதி முடித்து நான் ஒன்றும் உணரவில்லை. பசித்தது. எதிர்க் கடையில் ஒரு ரோல்ஸ் வாங்கித் தின்றேன்.

வைகாசியில் வாய்மொழித் தேர்வு. பேராசிரியையும் வெளியிலிருந்து வந்த இன்னொருவரும் எதிரே இருந்தார்கள். வந்தவர் சுங்க ஒன்றியத்தைப் பற்றியே முக்கால் மணித்தியாலம் கேட்டார். வளரும் தொழில்களை எத்தனை காலம் காப்பது, காவலை எப்போது எடுப்பது என்றார். இரண்டு இடத்தில் தடுமாறினேன். கடைசிப் பத்தியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எழும்பும்போது பேராசிரியை மட்டும், அந்தக் கடைசி வாக்கியத்தை இதுவரை யாரும் கேள்வியாகக் கேட்டதாகத் தனக்கு நினைவில்லை என்றார். என் அப்பா கேட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அடுத்துக் கேட்பார்களோ என்று ஒரு கணம் தயங்கினேன். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். அந்தத் தயக்கம் இன்றைக்கும் உறுத்துகிறது.

தேறிவிட்டேன். பெரிய சிறப்பு ஒன்றுமில்லை, நடுத்தரமான தரம். வாசலில் நின்று அப்பாவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது.

“பாஸோ?”

“பாஸ் அப்பா.”

“முழுசாவோ? இனி ஒண்டும் இல்லையே? கடிதம் கிடிதம்?”

“ஒண்டும் இல்லை.”

“சரி. அப்ப வை. இஞ்ச சாமான் குவிஞ்சு கிடக்கு.”

அடுத்த நாளே காலை வேலையை நிறுத்திவிடலாம் என்று அப்பா நினைத்திருந்தார். அப்படி முடியாது, முன்கூட்டி எழுத்தில் அறிவிக்க வேண்டும், அதற்குப் பிறகும் குறித்த காலம் வேலைக்குப் போக வேண்டும் என்று சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. ஞாயிறு இரவு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை எழுத உட்கார்ந்தோம். அம்மா கோழிக்கறிச் சட்டியை மூடிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

முகவரி, திகதி, மதிப்புக்குரிய, இன்ன பதவியிலிருந்து விலகுகிறேன். இரண்டு வரியில் முடித்து அப்பாவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன்.

“ஏன் விலகுறன் எண்டு இல்லையே?”

“காரணம் சொல்லத் தேவையில்லை அப்பா. சட்டத்தில அப்பிடி இல்லை.”

“அவை கேப்பினம் எல்லே?”

“கேட்டா, சொந்தக் காரணம் எண்டு போடலாம். எல்லாரும் அப்பிடித்தான் போடுறது.”

அப்பா யோசித்தார். அம்மாவைப் பார்த்தார்.

“பதினாறு வருசம் செய்திருக்கிறன்,” என்றார். “களைச்சுப் போனன் எண்டு எழுது.”

“அப்பா, கடிதத்தில அப்பிடி எழுதிறேல்லை.”

“எழுதடா.”

எழுதினேன். Je suis fatigué என்று பிரெஞ்சில் மூன்றே சொல். கீழே அவர் கையெழுத்து வைத்தார், வழக்கம் போல மெதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் பேனையைத் தூக்கித் தூக்கி. பிறகு தாளை வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த வரி எது என்று கேட்டார். விரலால் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடித உறைக்குள் தானே மடித்து வைத்தார்.